ஏ சைடு ஸ்வர்ணலதா, பி சைடு சித்ரா

பதிமூன்று வயதில் பையன்கள் யாரையாவது காதலிக்க ஆரம்பிப்பார்கள். எதிர்வீட்டுப் பெண், டியூஷன் டீச்சரின் தங்கை, சிம்ரன் என்று அவரவர் வசதிக்குத் தகுந்தபடி. நான் காதலித்தது ஒரு குரலை. முகம் கிடையாது, விலாசம் கிடையாது, கொஞ்ச நாள் வரை பெயரும் கிடையாது. செலவே இல்லாத காதல். (பின்னாளில் நான் பி.காம். சேர்ந்ததில் வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை.)

2000-ம் வருஷம். திண்டுக்கல்லில் எங்கள் தெரு முழுக்க 'அலைபாயுதே' ஓடிக்கொண்டிருந்தது. டீக்கடையில் ஒரு பாட்டு, சலூனில் ஒரு பாட்டு, மினி பஸ்ஸில் ஒரு பாட்டு என்று ஸ்கூலுக்குப் போய்ச் சேருவதற்குள் கேசட்டே முடிந்துவிடும். அதில் புல்லாங்குழலோடு ஒரு பெண் குரல் தனியாக உட்கார்ந்து புலம்புகிற பாட்டு ஒன்று உண்டு. அது வந்தால் மட்டும் என் சைக்கிள் தானாக நின்றுவிடும். பிரேக் பிடிக்காத சைக்கிள் அது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

யார் பாடியது என்று கண்டுபிடிப்பது அந்த நாளில் லேசுப்பட்ட காரியமில்லை. ஒரிஜினல் கேசட் வாங்கினால் உள் அட்டையில் எறும்பு எழுத்தில் பெயர் இருக்கும். எங்கள் வீட்டில் ஒரிஜினல் கேசட் என்பது கந்த சஷ்டி கவசம் மட்டும்தான். மற்றதெல்லாம் ரெக்கார்டிங் கடையில் 'அடித்தது'. எனவே கோடைப் பண்பலைதான் கதி. 100.5-ல் முள்ளை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சின்னாளபட்டியிலிருந்து ஒரு குடும்பத்தார் பதினாலு பேர், வத்தலக்குண்டிலிருந்து ஒரு நண்பர்கள் வட்டம் இருபது பேர் என்று வாசித்து முடித்து, அதற்கப்புறம் ஒரே ஒரு பாட்டுப் போடுவார்கள். ஆனால் அகில இந்திய வானொலிக்காரர்களிடம் ஒரு நல்ல பழக்கம். படம் இன்னது, இசை இன்னார், எழுதியவர் இன்னார், பாடியவர் இன்னார் என்று பாட்டின் ஜாதகத்தைச் சொல்லாமல் விட மாட்டார்கள். அப்படி ஒரு சாயந்திரம் காதில் விழுந்தது: "பாடியவர், ஸ்வர்ணலதா."

கிச்சனுக்கு ஓடிப் போய் அக்காவிடம் சொன்னேன். அவளுக்கு அப்போது பதினாறு வயது. தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"இது தெரியாதாக்கும்? 'சின்னத்தம்பி'யில குஷ்புவுக்குப் பாடினவங்கதானடா."

"அவங்களா இவங்க?"

"'காதலன்'ல பிரபுதேவா ஆடுற அந்த ஆட்டத்துக்கு மனோவோட கத்துறதும் அவங்கதான். 'கருத்தம்மா'வுல அழ வெச்சதும் அவங்கதான். நகரு, கரண்ட் போயிடப்போவுது, சட்னி அரைக்கணும்."

எனக்குத் தலை சுற்றியது. நான் பத்துப் பேர் என்று நினைத்திருந்தது ஒரே ஆள்!

ஸ்வர்ணலதா பாலக்காட்டுப் பக்கத்துப் பெண். அப்பா ஹார்மோனியக் கலைஞர். 1987-ல், பதினாலு வயதில், எம்.எஸ்.விஸ்வநாதன் இசையில் 'நீதிக்குத் தண்டனை' படத்தில் யேசுதாசோடு சேர்ந்து பாடி உள்ளே வந்தார். 'கருத்தம்மா'வுக்காக 1994-ம் ஆண்டின் தேசிய விருது. பேட்டி கொடுக்கக் கூச்சப்படுவார். அதனால் பத்திரிகைகளில் படம் வந்ததும் குறைவு. பாட்டில் மட்டும் கூச்சமே கிடையாது. 'தளபதி'யில் எஸ்.பி.பி.யோடு அவர் பாடிய ஆட்டப் பாட்டை, பி.பி.சி. உலக சேவையின் 70-வது ஆண்டையொட்டி 2002-ல் நடந்த நேயர் வாக்கெடுப்பில் உலகத்திலேயே நாலாவது இடத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். இந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு அப்பா கேட்டார்: "ஏன், சுசீலாம்மா பாட்டு ஒண்ணுகூடவா அவனுங்க கேட்டதில்லை?"

அப்பாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் கேசட்.

'சிக்ஸ்டி' கேசட்டில் ஒரு சைடு அரை மணி நேரம். ஆறு பாட்டு பிடிக்கும். ஆறாவது பாட்டு சரணத்தின் நடுவில் 'டக்'கென்று நின்றுவிடும். இன்றைக்கும் சில பாட்டுக்களின் கடைசி முப்பது விநாடி வந்தால் எனக்குப் புதுசாக இருக்கும். அந்த இடத்தை நான் கேட்டதே இல்லை. 'நைன்ட்டி' வாங்கினால் இன்னும் ஆறு பாட்டு கிடைக்கும்தான். ஆனால் டேப் மெலிசு. பிளேயர் ஆசையாகச் சாப்பிட்டுவிடும். அப்புறம் ரெனால்ட்ஸ் பேனாவைச் சொருகிச் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கேசட் செலவில் பாதி அக்கா, பாதி நான். ஏ சைடு எனக்கு, பி சைடு அவளுக்கு. நான் ஸ்வர்ணலதா கட்சி, அவள் சித்ரா கட்சி. ரெக்கார்டிங் கடை அண்ணன் எங்கள் லிஸ்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆம்பளைக் குரலே கிடையாதா? உங்க வீட்டுல எஸ்.பி.பி. என்ன பாவம் பண்ணினாரு?" என்பார்.

சித்ரா கட்சியோடு வாதாடி ஜெயிப்பது கஷ்டம். 'சிந்து பைரவி'யில் (1985) ஆரம்பித்து அந்த அம்மாளுக்கு தேசிய விருதே ஆறு. இதில் 'மின்சார கனவு', 'ஆட்டோகிராஃப்' சேர்த்துத் தமிழுக்கு மூன்று, மலையாளத்துக்கு இரண்டு, 'விராசத்' என்ற இந்திப் படத்துக்கு ஒன்று. நான் சொல்லும் ஒரே பாயிண்ட், "சித்ரா பாடினா சிரிச்சுக்கிட்டே பாடற மாதிரி இருக்கு. சோகப் பாட்டுலயும் சிரிக்கிறாங்க" என்பதுதான். அதற்கு அக்கா, "உங்காளு டூயட்டுலயும் அழறாங்களே, அதுக்கு என்ன சொல்றே?" என்பாள். யோசித்துப் பார்த்தால் அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஸ்வர்ணலதாவின் குரலில் எந்தப் பாட்டிலும் அடியில் ஒரு ஈரம் இருக்கும். மழை விட்ட பிறகும் மொட்டை மாடியில் நிற்கிற தண்ணீர் மாதிரி.

நடுவில் வேறு சிலரும் வந்து போனார்கள். 'அழகி'யில் சாதனா சர்கம். மகாராஷ்டிரத்துக்காரர், இளையராஜா இசையில் தமிழ்ப் பாட்டுப் பாடி 2001-ம் ஆண்டின் தேசிய விருதை வாங்கிக்கொண்டு போனார். 'கன்னத்தில் முத்தமிட்டா'லில் (2002) சின்மயி. எங்கள் வயசுப் பெண் மாதிரி ஒரு குரல், வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிற பெண்ணுடைய குரல். அனுராதா ஸ்ரீராம் வந்தால் ஸ்பீக்கர் துள்ளும். 'வெற்றிக் கொடி கட்டு'வில் கறுப்பு நிறத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட வக்காலத்தில், எங்கள் வகுப்பில் என்னைப் போன்ற பாதிப் பேர் ஒரு வருஷம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தோம். ஷ்ரேயா கோஷல் 'சில்லுனு ஒரு காதல்' (2006) பாட்டோடு ஊரையே அள்ளிக்கொண்டு போனபோது எனக்கு வயது பத்தொன்பது. வங்காளி வீட்டுப் பெண் தமிழை இவ்வளவு சுத்தமாகப் பாட, தமிழ் வீட்டுப் பையன்கள் நாங்கள் அதைத் தப்புத் தப்பாக முணுமுணுத்தோம்.

ஆனால் எங்கள் வீட்டில் ஒரு புரட்சியே செய்தது 'மின்னலே' (2001) படத்தில் பாம்பே ஜெயஸ்ரீ பாடிய பாட்டு. ஹாரிஸ் ஜெயராஜின் முதல் படம். தாமரை எழுதியது. கச்சேரி மேடைக்காரர் சினிமாவில் இப்படிக் காதோடு காதாகப் பாடுவார் என்று யார் எதிர்பார்த்தார்கள்? (2013-ல் 'லைஃப் ஆஃப் பை' தாலாட்டுக்காக ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வரைக்கும் போன குரல் அது.) தமிழ்நாடே அந்தப் பாட்டில் கிறங்கிக் கிடந்தபோது, அக்கா சொன்ன காரணம் வேறு.

"இந்தப் பாட்டு எனக்குன்னே போட்டது மாதிரி இருக்குடா. இவ்வளவு மெதுவாப் பாடினா முன் ரூம்ல அப்பாவுக்குக் கேக்காது."

இப்போது அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்பின்னிங் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பரம சாது. ராத்திரி சாப்பாடானதும் ரேடியோவைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பி.சுசீலா கேட்பார். கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, ஒரு பக்தர் மாதிரி. அந்தச் சமயத்தில் வீடு பற்றி எரிந்தாலும் "பாட்டு முடியட்டும்" என்றுதான் சொல்லியிருப்பார்.

அதே வீட்டில் அக்கா வாய் விட்டுப் பாடக் கூடாது. சட்டமாக யாரும் சொன்னதில்லை. பாடினால் முன் ரூமிலிருந்து ஒரு இருமல் வரும், அவ்வளவுதான். ஆகவே அவள் கிரைண்டர் ஓடும்போது பாடுவாள். ஈர அரிசி கடகடவென்று சுற்றுகிற சத்தத்துக்குள் அவள் குரல் பத்திரமாக ஒளிந்துகொள்ளும். பக்கத்தில் மாவு தள்ளிவிட்டுக்கொண்டு நிற்கிற எனக்கு மட்டும்தான் கேட்கும். சித்ரா கட்சிக்காரி பாடினால் ஸ்வர்ணலதா மாதிரி இருக்கும். இதைச் சொன்னால் அடிக்க வருவாள். இரண்டு படி அரிசிக்கு மூன்று பாட்டு, உளுந்துக்கு இரண்டு. எங்கள் வீட்டு இட்லிக்கு அக்கம்பக்கத்தில் நல்ல பெயர்.

2003-ல் காலேஜ் விழாவில் அவள் பாடினாள். பரிசு வாங்கினாள். அந்த மேடைக்கு வாசிக்க வந்திருந்த மெல்லிசைக் குழுக்காரர் ஒருவர், மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை பாக்கு, ஆப்பிள் சகிதம் வீட்டுக்கே வந்துவிட்டார். மரியாதையான மனிதர். "சார், பாப்பாவுக்கு ஸ்வர்ணலதா பாட்டு அப்படியே உட்காருது. சீசனுக்கு இருபது கச்சேரி. கூட நீங்களோ அம்மாவோ வாங்க. ராத்திரிக்கு முந்நூறு ரூபா. கார்ல கொண்டாந்து விட்டுடறேன்."

நான் மனசுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டேன். ஆறாயிரம் ரூபாய்!

அப்பா ஆப்பிளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "மேடையில நின்னு பாடறதுக்கா இவளை பி.எஸ்சி. படிக்க வெச்சேன்?" என்றார். சத்தமாகக்கூட இல்லை.

அம்மாதான் கேட்டாள், "நீங்க விடிய விடிய கேக்கறீங்களே, சுசீலாவை அவங்க வீட்டுல விட்டாங்கல்ல?"

"சுசீலாம்மா வேற."

வந்தவர் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஆப்பிள் மட்டும் ரெண்டு நாள் இருந்தது. யாரும் தொடவில்லை. மூன்றாம் நாள் அம்மா எடுத்துப் பூக்காரம்மாவுக்குக் கொடுத்தாள். அக்கா அழுதாளா என்று கேட்கிறீர்களா? இல்லை. அன்றைக்குச் சாயந்திரம் கிரைண்டரில் அரிசி போட்டாள். பாடவில்லை. வெறும் கிரைண்டர் சத்தம் எவ்வளவு கர்ணகடூரமானது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த வருஷம் 'திருடா திருடி' வந்தது. ஷங்கர் மகாதேவனோடு மாலதி பாடிய அந்த வேகப் பாட்டு, தினா இசையில், ஊர் ஊராகத் திருவிழா மேடைகளை உடைத்தது. எங்கள் கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாவிலும் மறு வருஷம் கச்சேரிக்காரர்கள் அதைப் பாடினார்கள். 'ஒன்ஸ்மோர்' கேட்டுப் பாட்டிமார்கள்கூட ஆடினார்கள். நானும் அக்காவும் கூட்டத்தின் ஓரமாக நின்று பார்த்தோம். பாடிய பெண் மூச்சு வாங்கித் திணறினாள். அக்கா குனிந்து என் காதில், "ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி மூச்சை எடுத்திருக்கணும்" என்றாள். டாக்டர் சீட்டு எழுதுகிற மாதிரி சொன்னாள். பிறகு மிளகாய் பஜ்ஜி வாங்கித் தரச் சொன்னாள்.

2004-ல் 'ஆட்டோகிராஃப்'. பா.விஜய் எழுதி, பரத்வாஜ் இசையில் சித்ரா பாடிய அந்த நம்பிக்கைப் பாட்டு, பாடியவருக்கும் எழுதியவருக்கும் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. படத்தில் சினேகா பார்வையற்ற கலைஞர்களின் குழுவோடு மேடையில் நின்று பாடுவார். டி.வி.யில் அதைப் பார்த்து அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடையில் நின்று பாடுகிற ஒரு பெண்ணைப் பார்த்துத்தான்! நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா ஜன்னலைப் பார்த்தாள். அம்மா சீரியல் வைக்கச் சொன்னாள்.

2006-ல் அக்காவுக்குக் கல்யாணம். ஓசூருக்குப் போய்விட்டாள். கேசட்டுகளை என்னிடமே விட்டுவிட்டாள். நான் பி.காம். முடித்துத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதப் போனேன்.

கணக்கு எழுதுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் பற்று, வரவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பான். அந்த வகையில் சினிமாப் பாட்டைப் போலக் குளறுபடியான லெட்ஜர் உலகத்தில் கிடையாது. தொண்டை ஒருவருடையது, வரவு வைப்பது இன்னொருவர் கணக்கில். "குஷ்பு பாட்டு", "ரஜினி பாட்டு" என்போம். மிச்சம் இருந்தால் "ராஜா பாட்டு", "ரஹ்மான் பாட்டு". பாடிய பெண்ணின் பெயருக்குக் கணக்கே திறந்திருக்க மாட்டார்கள். வானொலி மட்டும் ஒழுங்காக வவுச்சர் போட்டுக்கொண்டிருந்தது. பிற்பாடு வந்த தனியார் பண்பலைகளில் அதுவும் போயிற்று. பாட்டு முடிவதற்குள் ஒரு தம்பி குறுக்கே பாய்ந்து, "சொல்லுங்க, இன்னிக்கு உங்க வீட்டுல என்ன சாம்பார்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டான்.

2010 செப்டம்பர் 12. ஞாயிற்றுக்கிழமை. திருப்பூர் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். டி.வி.யில் ஒரு பெண்ணின் படம். வட்ட முகம், கூச்சமாக ஒரு சிரிப்பு. கீழே எழுத்து ஓடுகிறது: பின்னணிப் பாடகி ஸ்வர்ணலதா காலமானார். வயது 37. நுரையீரல் கோளாறு.

அந்த முகத்தை நான் அவ்வளவு நேரம் நிறுத்திப் பார்த்தது அன்றுதான். பக்கத்து இலைக்காரர், "யாருங்க இது?" என்றார். சொன்னேன். "என்னென்ன பாடியிருக்காங்க?" என்றார். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "அது இவங்களா? அதுவுமா? அதுவுமா?" என்று கேட்டுக்கொண்டே போனார். சப்ளையர் ரசத்தோடு வந்து அவரும் நின்றுவிட்டார். பத்து வருஷத்துக்கு முன்னால் தேங்காய் துருவிக்கொண்டே அக்கா எனக்குச் சொன்ன அதே லிஸ்ட்.

அவர் பாட வந்தது 1987. நான் பிறந்ததும் 1987. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வயது 23, அவர் பாட்டுக்கும் வயது 23. இப்போது எனக்கு 38. அவரைவிட ஒரு வயது மூத்தவனாகிவிட்டேன். சில கணக்குகளைப் போடாமலே இருந்திருக்கலாம்.

அன்று ராத்திரி ஓசூரிலிருந்து அக்கா போன் செய்தாள். சித்ரா கட்சிக்காரி ஒரு நிமிஷம் பேசவே இல்லை. பின்னால் கிரைண்டர் சத்தம் கேட்டது. "பாடிக்கிட்டா இருக்கே?" என்றேன். "இங்க டேபிள்டாப். சத்தம் பத்தாது" என்றாள்.

அப்புறம் 2024 ஜனவரி. பவதாரிணி போனபோதும் அக்காவிடமிருந்துதான் முதல் போன். 47 வயதுதான். புற்றுநோய். இலங்கையில் சிகிச்சைக்குப் போன இடத்தில் காலமானார். 'பாரதி' (2000) படத்தில் அப்பா இளையராஜாவின் இசையில் பாடி தேசிய விருது வாங்கியவர். 2002-ல் ரேவதி இயக்கிய 'மித்ர் மை ஃப்ரெண்ட்' படத்துக்கு அவரே இசையமைத்தார். பவதாரிணியின் குரலைப் பற்றி அந்த நாளில் எங்கள் இரண்டு கட்சியும் சேர்ந்தே கிண்டல் செய்வோம், "சின்னப் பாப்பா பாடுது" என்று. ஆனால் 'பாரதி' பாட்டு வந்தால் இரண்டு கட்சியும் வாயை மூடிக்கொள்ளும். கிணற்றடியில் யாரோ தனக்குத் தானே பாடிக்கொள்கிற மாதிரி இருக்கும். அலட்டல் இல்லாத குரல். அதைப் போல இன்னொன்று இதுவரை வரவில்லை என்பது என் அபிப்பிராயம். கடிதம் எழுதிச் சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

போனை வைத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் அக்கா வாட்ஸ்அப்பில் ஏதோ அனுப்பினாள். 'ஸ்மூல்' என்று ஒரு ஆப். வாத்தியம் அதில் ஓடும், நாம் பாட வேண்டியது. யாருக்கும் சொல்லாமல் இரண்டு வருஷமாகப் பாடிக்கொண்டிருக்கிறாளாம். பிள்ளைகள் தூங்கினதும், படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு. அனுப்பியது 'பாரதி' பாட்டு. நாற்பது வயசுக் குரல். கொஞ்சம் கனத்திருந்தது. மூச்சு மட்டும் எங்கே எடுக்க வேண்டுமோ அங்கே.

மதுரையில் இப்போது என்னோடுதான் அப்பா இருக்கிறார். 74 வயது. சோபாவில் சுசீலாம்மாவோடு இருந்தவரிடம் ஒன்றும் சொல்லாமல் போனை நீட்டினேன். முழுசாகக் கேட்டார். விரல் தொடையில் தாளம் போட்டதா என்று பார்த்தேன். போடவில்லை.

"யாரு பாடறது?"

"அக்கா."

போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஸ்பீக்கர் சரியில்லை" என்றார். பிறகு அதைக் காதோடு ஒட்ட வைத்துக்கொண்டு, "எங்க அமுக்கணும்?" என்றார். காட்டினேன்.

ராத்திரி அக்கா கேட்டாள், "அப்பா என்னடா சொன்னாரு?"

"ஸ்பீக்கர் சரியில்லையாம்."

விடாமல் சிரித்தாள். பிள்ளைகள் எழுந்துவிடப் போகிறார்கள் என்று நான்தான் அடக்க வேண்டியிருந்தது.

அந்த ஆப்பில் ஒரு பாட்டு எத்தனை தடவை கேட்கப்பட்டது என்று கணக்குக் காட்டும். மறுநாள் காலையில் பார்த்தேன். மொத்தம் 23. அதில் இரண்டு நான். ஒன்பது, என் போனிலிருந்து அப்பா.